தலைவர் வீட்டுத் தரை

டிக், டிக், டிக் என்று ஆறு ரிலே சுவிட்சுகளும் வரிசையாக விழுந்தன. ஆறு பச்சை விளக்குகளும் எரிந்தன. பின்பக்கப் பால்கனியில் பாய்லர் உறுமியது. மா டோங்பில் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் காலை வைத்தார். வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டார். தரை, மீன் வெட்டும் பலகை மாதிரி சில்லிட்டுக் கிடந்தது.

"எல்லாம் எரியுது, எதுவும் சுடல," என்றாள் மனைவி ஹேசுக். வீட்டுக்குள்ளேயே நீளமான பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அந்தப் பச்சை லைட்டுல ஒண்ணைக் கழட்டிக் குடுங்க. அதுலயாவது கையைக் காட்டிக்கறேன்."

அன்று வியாழக்கிழமை. வெளியே மைனஸ் பதினேழு. சுன்சோன் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது போலத்தான் அவர் வீட்டுத் தரைக்கடியிலும் அதைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாய்கள் ஓடின. மற்றவர்கள் சுவரிலிருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். டோங்பில் அந்த ரகம் அல்ல. பாத்திரத் தொட்டிக்கு அடியிலிருந்த வால்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு ரிலே, அறைக்கொரு வெப்பமானி, அத்தனைக்கும் சேர்த்துக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டி. பாய்லரோடு வந்த சுவர்ப் பலகையில் குட்டிக் குழாய் படமும் குட்டிச் சூரியன் படமும் மினுக்கும். பாலர் பள்ளி சமாசாரம் என்று அதைக் கழற்றிச் செருப்பு அலமாரியில் போட்டுவிட்டார்.

அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தற்காலிகத் தலைவர். முன்னவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதால் வந்த பதவி. 'தற்காலிக' என்ற சொல்லை முகவரி அட்டை அச்சடித்தவன் விட்டுவிட்டான். டோங்பிலும் திருத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு நிரந்தரத் தலைவருக்கான தேர்தல். வென்றால் வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டி என்று வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று மணிக்கு அவர் வீட்டிலேயே செயல்விளக்கம். தரையோ செவ்வாய்க்கிழமையிலிருந்து செத்துக் கிடந்தது.

குளிர் அலை வந்ததும், வீட்டுக்கு வீடு இருக்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்புப் படிக்கும் வேலையைக்கூடக் கட்டட அலுவலகப் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டவர் அவர். குழாய் உறையாமலிருக்க வெந்நீரை நூல் கனத்துக்குத் திறந்து வைக்கும்படி அவள் எழுதியிருந்தாள். ஒரு தலைவர் வாயில் நூல் என்று வரலாமா? 'சுண்டுவிரல் கனத்துக்கு' என்று மாற்றி, தொண்டையைச் செருமி, பதிவு செய்தார். மூன்று வேளையும் அந்தக் குரல் பதினான்கு மாடிகளிலும் முழங்கியது. முழங்கும்போதெல்லாம் டோங்பில் கைவேலையை நிறுத்திவிட்டு ரசித்துக் கேட்டார். தன் வீட்டுக் குழாயைத் திறக்க மட்டும் அவருக்கு நேரமில்லை. அறிவிப்பு என்பது ஊருக்கு.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்," என்றாள் ஹேசுக்.

"தலைவரே மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஜனங்க என்னை எப்படி நம்புவாங்க?"

வெப்பமானிக்குக் குளிர் சரியாக உறைக்கவில்லை என்று முடிவு கட்டி, உறையவைத்த மாண்டுக் கொழுக்கட்டைப் பொட்டலத்தை அதன்மேல் கட்டினார். பாய்லர் ஓயாமல் உறுமியது. தரை அசையவில்லை. கொழுக்கட்டைதான் இளகியது, இளகியதை வீணாக்காமல் மூன்று வேளையும் தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை, குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று தோன்றியது. காற்றுத் திருகைத் திறந்தார். காற்று வரவில்லை, தண்ணீர் வந்தது. திருகு கையோடு வந்தது. இருபது கிலோ அரிசி மூட்டை நனைந்த பிறகு ஒருவழியாக அடைத்தார்.

இத்தனை அமளியிலும் வாய் திறக்காதவர் ஒருவர்தான்: மாமனார் பியோன். முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையோடு சேர்ந்த உள்ளறை அவருடையது. தானே கூட்டிப் பெருக்கிக்கொள்வார். மகள்கூட எட்டிப் பார்ப்பதில்லை, மருமகன் எங்கே நுழைவது? முழங்காலுக்கு நல்லதென்று காலையும் மாலையும் படியேறப் போவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் டோங்பிலைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லித் தொலைக்கலாமே என்று டோங்பிலுக்கு இருக்கும்.

அன்று மாலை பதினோராம் மாடி தக் அம்மாள் போன் செய்து, தங்கள் வீட்டுத் தரையும் ஐஸ் என்றாள். அடுத்து ஆறாம் மாடி. அப்புறம் ஒன்பது. நாலு நாளாக நின்று போயிருந்த டோங்பிலின் மூச்சு திரும்பி வந்தது.

"பாத்தியா? கட்டடத்துல இருக்கற பழைய வால்வு அத்தனையும் படுத்துடுச்சு. நான் சொன்னப்ப யாரு கேட்டா?"

"உங்க புது வால்வும்தானே படுத்திருக்கு," என்றாள் ஹேசுக்.

அதை அவர் காதில் வாங்கவில்லை. பெட்டி வேண்டுவோர் பட்டியலில் அன்றைக்கே நாற்பத்தோரு வீடுகள்.

ஆனால் காட்டுவதற்கு ஒரு சூடான தரை வேண்டுமே. சனிக்கிழமை மத்தியானம் கூடத்துக் கம்பளத்துக்கு அடியில் ஒரு மின்சார மெத்தையை விரித்தார். ஹேசுக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு இருபது பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சாக்ஸ் கால்கள் தரையில் பட்டதும் ஆளாளுக்குக் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கினார்கள். அப்புறம் ஒருவர் கம்பளத்தைக் கண்டுபிடித்தார். இருபது பேரும் அதன்மேல் ஏறி, நிறுத்தம் வராத பஸ்ஸில் நிற்பவர்கள் போல நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இதுதான் கட்டுப்பாடு. எங்க வேணுமோ அங்க மட்டும் சூடு," என்று டோங்பில் பெட்டிக் கதவைத் திறந்தார். டிக், டிக், டிக்.

தக் அம்மாள் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினாள். "உங்க தரைக்குப் பிளக்கு இருக்கே, தலைவரே."

யாரோ சிரித்தார்கள். டோங்பில் பழைய வால்வுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவள் அவரைப் பேசவிட்டுவிட்டு, கையோடு அழைத்து வந்திருந்த பாய்லர் மெக்கானிக்கை முன்னால் தள்ளினாள். "எங்க வீட்டுக்கு வந்த தம்பி. முதல்ல இங்க பாருப்பா."

மெக்கானிக் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பால்கனிக்குப் போய்ப் பாய்லருக்கு அடியில் இரண்டு குழாய்களைத் தொட்டான்.

"குளிக்கற தண்ணிக் குழாய் கொதிக்குது. தரைக்குப் போறது ஐஸு. உள்ள ஒரு வால்வு இருக்கு, சார். வெந்நீரைத் திறந்தா அது தரையை விட்டுட்டுத் தண்ணிப் பக்கம் திரும்பிக்கும். குளிச்சு முடிச்சதும்தான் தரைக்கு வரும்." கையைத் துடைத்துக்கொண்டான். "நாலு நாளா யாரு சார் குளிக்கறது?"

"என் வீட்டுல குழாயைத் திறந்து போடற பழக்கம் யாருக்கும் கிடையாது," என்றார் டோங்பில்.

"நல்லா திறந்திருக்கு சார். நூலாட்டம் விட்டிருந்தா இந்த வால்வு கண்டுக்கவே கண்டுக்காது."

நூல் என்ற சொல் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது டோங்பிலுக்கு. எங்கே என்று நினைவு வருவதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. மாமனார் பியோன் வெளியே வந்து, கொடி காட்டி ரயிலை அனுப்பும் தோரணையில் நிமிர்ந்து நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மருமகனை மரியாதையோடு பார்த்தார். பிறகு தன் சுண்டுவிரலை எல்லாரும் காணும்படி உயர்த்தினார்.

"என் வெந்நீர்க் குழாய்ல சத்தம் வராம துணிகூடக் கட்டி விட்டிருக்கேன் மாப்பிள்ளை, தினமும் ரெண்டு வேளை பதினாலு மாடியும் ஏறி எறங்கி, வீடு வீடா விரலை வெச்சு அளந்து பாத்துட்டேன், ஒரு வீட்டுலகூட உங்க பேச்சை மீறல."