உமேஷின் ஜீப்புக்கு ஏற்ற ட்ரெய்லர்

இந்த வருஷம் தனியாகத்தான் போவது என்று உமேஷ் முடிவெடுத்துவிட்டான். மனைவி இல்லை. மச்சினி இல்லை. முக்கியமாக மாமியார் தனக்கோடி இல்லை. அவன், அவனுடைய ஜீப், குடகு மலைச் சேறு. அவ்வளவுதான்.

ஜீப் என்றால் ராணுவம் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்ட பச்சை ஜீப். பெங்களூர் ஒக்கலிபுரத்துச் சந்தில் அது நின்றால் தண்ணீர் கேன் வண்டி திரும்பிப் போய்விடும். உமேஷ் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்களை மேலும் கீழும் அனுப்புகிற வேலை. ஏழாம் நாள் ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பான். அதன் பின்பக்க சீட்டுகளைப் போன வருஷம் அவனே கழற்றிவிட்டான். துருப்பிடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னான். துருவெல்லாம் ஒன்றுமில்லை. மாமியார் ஒருநாள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லா சௌகரியமா கீது மாப்ள" என்று சொன்னதுதான் காரணம்.

மே மாதம் குடகில், சுண்டிகொப்பாவில் ஒரு காபித் தோட்டத்தில் ஜீப்காரர்கள் கூடிச் சேற்றில் ஓட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தது. அதே சனிக்கிழமை புத்த பௌர்ணமி.

"இன்னாங்க, பௌர்ணமிக்கு அம்மாவ பைலகுப்பே புத்தர் கோயிலுக்குக் கூட்டினு போலாம்னு சொன்னீங்களே?" என்று மனைவி சங்கமித்ரா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் டெய்லர்.

"போலாம்தான். ஆனா ஜீப்புல ரெண்டே சீட்டுதானே இருக்குது."

"ஆமா, துருப்புடிச்சிடுச்சே."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. நீங்க போயிட்டு வாங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எதற்கும் இத்தனை சுலபமாகத் தலையாட்டியதில்லை. உமேஷ் அப்போதே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

ஒரே சிக்கல், ஜீப் மலை வரைக்கும் ஓடாது. போன முறை ராமநகரத்திலேயே ரேடியேட்டர் கொதித்து, நடுரோட்டில் ஆவி விட்டது. சேற்றில் அது சிங்கம். தார் ரோட்டில் நோயாளி. ஆகவே ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஏப்ரலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உமேஷ் ட்ரெய்லர் தேடி அலைந்தான். பீன்யாவில் கிடைத்தது டிராக்டர் ட்ரெய்லர். அதன் தளம் இடுப்பு உயரம். ஜீப்பை ஏற்ற கிரேன் வேண்டும். எலகங்காவில் ஒருவர் படகு ஏற்றுகிற ட்ரெய்லர் வைத்திருந்தார். ஜீப்பின் எடையைச் சொன்னதும் அவர் ட்ரெய்லருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "சார், இது படகுக்கு. ஆனைக்கு இல்ல." மூன்றாவதில் நீளம் சரி, அகலம் பத்தவில்லை.

"அளவு எடுத்தீங்களா?" என்றாள் சங்கமித்ரா.

"பாத்தாலே தெரியாதா?"

"பாத்துப் பாத்து ஜாக்கெட் தைச்சா எவ போடுவா?"

கழுத்தில் கிடந்த டேப்போடு அவள் சந்துக்கு வந்தாள். ஜீப்பைச் சுற்றி நடந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், ஜாக்கெட் நோட்டில் குறித்தாள்.

"நீளம் பதினொண்ணே கால் அடி. அகலம் அஞ்சடி. ரெண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் தையலுக்கு விட்டிருக்கேன். டெய்லர வீட்ல வெச்சிக்கினு ட்ரெய்லருக்கு ஊரெல்லாம் சுத்துறீங்களே!" என்று ஒரு போன் நம்பரைக் கிழித்துக் கொடுத்தாள். "தும்கூர் ரோடு கிருஷ்ணப்பா. அவரு சம்சாரத்துக்கு ஜாக்கெட் நாந்தான் தைக்கிறேன்."

கிருஷ்ணப்பாவின் ட்ரெய்லரைப் பார்த்ததும் உமேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. தாழ்ந்த தளம். இரண்டு அச்சு, நாலு சக்கரம், தனி பிரேக். ஏற்றுவதற்குச் சரிவுப் பலகை, கட்டுவதற்கு பெல்ட். அளவும் ஜீப்புக்கென்றே தைத்தது போல.

"எல்லாம் சரி சார். இத எதுல இழுப்பீங்க?" என்றார் கிருஷ்ணப்பா.

உமேஷ் அதை யோசிக்கவேயில்லை. அவனிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர்.

"யோசனே மாடபேடி, கவலைய உடுங்க. நம்ம பெரிய வண்டி இருக்கு. நானே ஓட்டிக்கினு வர்றேன்."

உமேஷ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சனிக்கிழமை விடியற்காலை வண்டி வந்தது. பத்துப் பேர் உட்காரும் வண்டி. பங்க்குக்குப் போய் பெட்ரோல் கேனோடு திரும்பிய உமேஷ், ஜன்னலோர சீட்டில் மாமியாரைப் பார்த்தான். பின்னால் மச்சினி மமதா, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், எதிர்வீட்டு சரளாவும் அவள் தங்கையும்.

"மாப்ள, ஏறுங்க. நேரம் ஆவுது."

உமேஷ் மனைவியைப் பார்த்தான்.

"இழுக்குற வண்டில இத்தினி சீட்டு சும்மாதானே போவுது?" என்றாள் அவள். "கோயிலும் அதே வழிதான். பாருங்க, ஜீப்புல பின்சீட்டு இல்லாததும் நல்லதாப் போச்சு. குக்கரு, அரிசி, பாய் எல்லாம் அடங்கிடுச்சு."

நான் ஜீப்பிலேயே உட்கார்ந்து வருகிறேன் என்று உமேஷ் ட்ரெய்லர் மேல் ஏறினான். "மேல ஆள் இருந்தா போலீஸ் புடிப்பாங்க சார்" என்று கிருஷ்ணப்பா இறக்கிவிட்டார். கடைசி வரிசையில் புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவன் பைலகுப்பே போய்ச் சேர்ந்தான்.

கும்பிட்டு, சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கிளம்ப மணி இரண்டாகிவிட்டது. சுண்டிகொப்பாவில் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பரிதாபப்பட்டு ஒரே ஒரு ரவுண்டு விட்டார்கள். உமேஷ் ஜீப்பைக் கிளப்பியபோது பக்கத்து சீட்டில் யாரோ ஏறினார்கள். தனக்கோடி. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"காலியாத்தானே கீது? உடுங்க மாப்ள, வேகமா!"

நடுச்சேற்றில் ஜீப் சிக்கியது. மொத்தக் குடும்பமும் இறங்கித் தள்ளியது. தனக்கோடி மட்டும் இறங்கவில்லை. அங்கிருந்தே யார் எங்கே பிடிக்கவேண்டும் என்று சொன்னாள். அவள் சொன்னபடி பிடித்ததும் ஜீப் வெளியே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், மாமியாருக்கு.

திரும்பும்போது உமேஷ் காய்ந்த சேற்றோடு கிருஷ்ணப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் எல்லாரும் தூக்கம்.

"அண்ணா, அடுத்த வருஷமும் இந்த ட்ரெய்லர் எனக்குத்தான்," என்றான் மெதுவாக. "அப்ப நான் மட்டும். இன்னிக்கே சொல்லிட்டேன்."

"மே மாசம் ஃப்ரீ சார். ஆனா உங்க வீட்டு அக்கா கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. இந்த ட்ரிப்பையே அவுங்க மார்ச்சுல சொல்லி வெச்சிட்டாங்களே. இப்ப அக்டோபருக்கு நாக்பூர் புத்தர் விழாவுக்குப் போகவும் வண்டி சொல்லிட்டாங்க."

"நாக்பூரா? அவ்ளோ தூரம் ஜீப்ப எப்படிண்ணா இழுக்கறது?"

"ஜீப்பு வேணான்ட்டாங்க சார். ட்ரெய்லர்ல சாமான் வெச்சிக்கலாமாம்."

உமேஷ் சேறு காய்ந்த விரலால் தன்னைத் தொட்டுக் காட்டினான்.

"நான்?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல சார்."