பதிலும் கொண்டுவந்த தமுக்கு

ஐந்தாண்டுத் திட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராமேஸ்வரம் தீவில் எங்கள் அலுவலகத்துக்குத் தமுக்கடித்தவர். பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியல் எழுதிய குமாஸ்தாவான எனக்கே அது மாதம் ஒருமுறைதான் நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் ஊருக்கே அவர் தமுக்கண்ணன்.

சர்க்கார் சொல்வதை ஊருக்குச் சொல்வது அவர் வேலை. மற்ற ஊர்களில் சொல்லி முடித்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்ன சொல்றீக?" என்று கேட்டு நின்றுவிடுவார். பதில் வராமல் கால் நகராது. அம்மை குத்திக்கொள்ளும்படி அறிவிக்கப் போனவர் ஒரே தெருவில் அரைநாள் நின்றார். நாத்தனாரும் மதினியும் ஆளுக்கொரு பதில் சொன்னார்களாம்.

திரும்பி வந்ததும் அலுவலக வாசலில் மூன்று தட்டு. பிறகு அதே ராகத்தில், "இதனால் ஆபீசர் அய்யாவுக்கும் குமாஸ்தாமாருக்கும் ஊரார் அறிவிப்பது என்னண்டா" என்று தொடங்குவார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

சொல்லிவிட்டு வருவதுதானே வேலை, கேட்டு வரச் சொன்னது யார் என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். "தபால்காரரு கடுதாசியக் குடுத்துட்டு, பதிலையும் வாங்கிட்டுத்தான தம்பி போறாரு? அவர ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

அப்போதுதான் புது ஆபீசர் வந்தார். கடற்கரைப் பெண்கள் வலை பின்னிப் பிழைக்க, திட்டப் பணத்தில் ஒரு கூடம் கட்ட உத்தரவாகியிருந்தது. இடம் குறித்தவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து, வரைபடத்தில் தீவின் கிழக்குக் கரை மணலின்மேல் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தமுக்கண்ணன் போய் அறிவித்தார். பதிலோடு வந்தார். மூன்று தட்டு.

"குறிச்ச எடத்துல வாடைக்காத்து அமாவாசைக்குக் கடல் ஏறி வரும். வலைதான் மீனத் தேடிப் போகணும், மீனு வலையத் தேடி வரவேணாம்னு பொம்பளையாளுக சொல்றாக."

ஆபீசர் முகம் கறுத்தது. இந்த ஆளை நிறுத்தி ஆர்டர் எழுதும்படி என்னிடம் சொன்னார். எழுதினேன். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள், உத்தியோகம் முக்கியம். அறுபதை நெருங்கிய அவருக்குத் தமுக்கைத் தவிர வேறு பிழைப்பில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "என்னய நிறுத்துன சேதிய நானே தமுக்கடிச்சுச் சொல்லணுமாய்யா? சொல்லிட்டு, என்ன சொல்றாகன்னு கேட்டுட்டு வாரேன்."

ஆபீசர் கையெழுத்துப் போடப் போன பேனாவை மூடினார். அமாவாசை வரட்டும், அந்த இடத்தில் நானே உட்கார்ந்து காட்டுகிறேன், அதன்பிறகு கையெழுத்து என்றார்.

சொன்னபடியே உட்கார்ந்தார். அலுவலக நாற்காலி மணலுக்குப் போயிற்று. குடையும் ஃபைலுமாக நான் பக்கத்தில். கொஞ்ச தூரத்தில் தமுக்கண்ணனும் பெண்களும், வேடிக்கை பார்க்கவில்லை என்பதுபோல நின்று பார்த்தார்கள். முதல் அலை நாற்காலிக் காலைத் தொட்டது. ஆபீசர் பாதங்களைத் தூக்கிக்கொண்டார். அடுத்த அலைக்கு முழங்கால்களையும் தூக்கிக்கொண்டார். நாற்காலி ஒரு பக்கமாக மணலில் இறங்கத் தொடங்கியபோது, கால்களைக் கட்டிக்கொண்ட நிலையிலேயே பேசினார்.

"யோவ் தமுக்கு, எங்கதான்யா கட்டணும்னு கேட்டுட்டு வா."

நான் எழுதிய ஆர்டரை வாங்கிச் செருப்பில் ஒட்டிய ஈரமணலைத் துடைத்தார். பெண்கள் இரண்டு நாள் சண்டையிட்டுப் பனைமேட்டைச் சொன்னார்கள். கூடம் அங்கே எழும்பியது.

பெரும்புயல் வந்தபோது நான் அலுவலக வேலையாக ராமநாதபுரத்தில் இருந்தேன். பாம்பன் பாலம் போய்விட்டது என்றார்கள். தீவில் என் மனைவியும் மகளும். சில நாட்கள் ஒரு சேதியும் இல்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் ஆகாது. இன்றும் சன்னல் கதவு ஆடினால், "பிள்ளை எங்கே?" என்று வீட்டுக்குள் தேடுகிறேன். "இங்கனதான்ய்யா இருக்கேன்" என்று அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்ட பிறகுதான் உட்காருகிறேன்.

நடந்ததைப் பிற்பாடு அவள்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் காற்றின் போக்கைப் பார்த்துவிட்டு, எந்த உத்தரவும் இல்லாமல் தமுக்கண்ணன் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போனாராம். எல்லாரும் பனைமேட்டுக் கூடத்துக்கு வரவேண்டும் என்று. அவளும் அவள் அம்மாவும் தப்பியது அந்தக் கூடத்தில்தானாம். அன்றைக்கு மட்டும், "என்ன சொல்றீக?" என்று அவர் கேட்கவில்லையாம்.

போன வாரம் எங்கள் தெருவுக்கு வந்தார். புதுத் தமுக்கு. ரேஷன் அட்டை பற்றிய அறிவிப்பு. எழுதிக் கொடுத்தவனே நான்தான். முடித்துவிட்டுக் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

நான் வாசலில் இறங்கிப் போய், "நல்லாக் கேட்டுச்சுண்ணே" என்றேன்.