பைல் அண்ணையும் ஒரு ஐரிஷ்காரனும்

பல்கலைக்கழக வாசலை ஒருநாளும் மிதிக்காமல், இங்கிலாந்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களின் அனுமதி விதிகளையும் கட்டணங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்த ஒரே மனிதர் எங்கள் பைல் அண்ணைதான்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அண்ணை குளிக்கப் போனால் அவருடைய பைல் கதவடியில் காவல் இருக்கும். உள்ளே அவருடைய ஏ லெவல் பெறுபேறு, பத்துப் பிரதி. பத்திலும், உண்மைப் பிரதி என்று உறுதிசெய்யும் சமாதான நீதவானின் முத்திரை. பொறியியல் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஆனால் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டவருக்கான கட்டணத்தைக் கேட்டால் நாங்கள் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷன் முதலாளியே மயங்கி விழுந்திருப்பார்.

கல்லூரிகள் இலவசமாக அனுப்பும் கையேடுகளை வரவழைத்து, உடைந்த கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார் அண்ணை. யாராவது விதி கேட்டால், ஆதாரம் காட்ட நாங்கள் நாலு பேரும் கட்டிலைத் தூக்க வேண்டும்.

பெற்றோல் ஸ்டேஷனில் எங்களோடு பிரெண்டன் என்றொரு ஐரிஷ்காரன் வேலை செய்தான். தனக்கும் பொறியியல் படிக்க விருப்பம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றைக்கே கட்டில் தூக்கப்பட்டது.

"இவன் ஏ லெவல் எடுக்கேல்லை, தம்பி. அவங்கட நாட்டில பள்ளிக்கூடம் முடிய ஏழு பாடம் செய்யிறாங்கள். எங்களுக்கு நாலு பாடத்துக்கே சீவன் போச்சு!"

"அப்ப எடுக்க மாட்டாங்களோ, அண்ணை?"

"எடுப்பாங்கள். கணக்கில நல்ல பெறுபேறு வேணும், அது இருக்கு. பீஸ்தான் பிரச்சினை. வேற நாட்டுப் பாஸ்போட்டெல்லே? மூண்டு வருசம் இஞ்ச இருந்தவன் எண்டு காட்டவேணும்."

பிரெண்டனின் சான்றிதழோ காற்சட்டைப் பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. அண்ணை அதை வாங்கி நீவி நிமிர்த்தித் தன் பைலுக்குள் வைத்தார். சம்பளத் துண்டுகள், பால்காரரின் பில், பாதிரியாரின் கடிதம், பல் வைத்தியரின் கடிதம் என்று ஒரு மாதம் ஓடி ஓடிச் சேர்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ரப்பர் முத்திரையோடு வந்து சேர்ந்த சமாதான நீதவான் ஒருவர் லண்டனின் மறுகோடியில், செவன் கிங்ஸில் இருந்தார். ஐரிஷ்காரனின் சொத்தைப் பல்லுக்கும் யாழ்ப்பாண முத்திரை விழுந்தது.

மூவருமாகக் கல்லூரிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் பிரெண்டனின் பாஸ்போட்டைப் பார்த்தார். ஐரிஷ்காரருக்கு இந்த நாட்டவரின் கட்டணம்தான் என்றார். இரண்டே நிமிடம். அண்ணை பைலை முன்னே தள்ளினார். தேவையில்லை என்று அந்தப் பெண் சிரித்தபடி திருப்பித் தள்ளினார்.

பஸ்ஸில் அண்ணை பேசவே இல்லை. பொறாமையாக்கும் என்று நினைத்தேன். மிச்சத்தில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒரு முத்திரையை எண்டாலும் பாத்திருக்கலாம்தானே?"

பிரெண்டன் படிக்கப் போனான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரிவுரைக் குறிப்புகளைப் போட்டோகொப்பி எடுத்து அண்ணைக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உண்மைப் பிரதி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருப்பான். அவன் எந்த வகுப்பில் தூங்கினான் என்பதை அண்ணை குறிப்பை வைத்தே கண்டுபிடித்து ஏசுவார். "ஓம் அண்ணை" என்று தமிழில் தலையைக் குனிவான்.

மூன்றாம் வருடம் அண்ணையின் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்ட கடிதம் வந்தது. இனி அவருக்கும் இந்த நாட்டவரின் கட்டணம்தான். அதே கவுண்டர், அதே பெண். அந்த ஒரு கடிதமே போதும். ஆனால் அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைலைத் திறந்தார். பத்துப் பிரதியையும் ஒவ்வொன்றாக எடுத்து, முத்திரை முத்திரையாகப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அண்ணை அசையாமல், சட்டைக் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

முந்தின நாள் பிரெண்டன் தனியே போய் முத்திரைகளைப் பார்க்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கெஞ்சிவிட்டு வந்ததை நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. அண்ணை, இதை வாசித்தால் கோவிக்காதேங்கோ. உங்களை அப்படி நிமிர்ந்து நிற்கப் பார்க்க எங்களுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.