பல் மருத்துவரிடம் பறிபோன கவனம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். விவரமாக விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உங்கள் தங்கை சலவைக்கடை மாடியில் ஜப்பானிய மொழி படிக்கிறாள் அல்லவா? போகச் சொன்னதே நீங்கள்தான். அங்கே வாரம் ஒரு சொற்றொடர் தருவார்கள். தனக்கு நடந்ததை அதில் வைத்துப் பன்னிரண்டு வாக்கியம் எழுதி, ஜோடியாக உட்காருபவரிடம் வாசிக்க வேண்டும். அவளுக்கு வாய்த்த ஜோடி ஒரு பல் மருத்துவர். இந்த வாரம் ‘கி ஓ தொராரெரு’. கி என்றால் மனம். அது எடுக்கப்பட்டுவிடுகிறது, அதாவது கவனம் பறிபோகிறது. பறித்தது எதுவோ அதை முதலில் சொல்லி ‘நி’ சேர்க்க வேண்டும். அதனால் என்ன கெட்டதோ, அது கடைசியில். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் குளிக்கப் போனபோது நோட்டைப் படித்தேன். ஓரத்தில் தமிழிலும் எழுதியிருக்கிறாள். பல் மருத்துவரின் சிரிப்பில் கவனம் போய்ப் பேருந்தை விட்டேன். பல் மருத்துவரின் பேச்சில் கவனம் போய்க் குடையை மறந்தேன். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட ஒரு வாக்கியம். எனக்கு இல்லை. வயிறு எரிகிறது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கேட்டால், “அது வேணும்னு பண்றதுக்குச் சொல்றதில்லைங்க. நம்மள அறியாம போறதுக்குத்தான்” என்று விளக்கம் வேறு. அறியாமலே போகிறதாம்! இதைக் கேட்டு நான் நிம்மதியடைய வேண்டுமாம். சரி, நாமும் ஒரு வாக்கியத்தில் இடம் பிடிப்போம் என்று மீசைக்குச் சாயம் பூசினேன், நீலச்சட்டை போட்டேன், விளக்கு மாட்டுகிற சாக்கில் ஏணியில் ஏறிப் பாட்டும் பாடினேன், பாட்டோடு விழுந்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. “கொஞ்சம் சத்தமில்லாம விழக் கூடாதா? எழுதிட்டிருக்கேன்ல” என்றாள். இருபத்திரண்டு வருஷம் மச்சான்! ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறேன், கட்டினவள் கண்ணில் நான் படவில்லை.

ஆகவே உடனே கிளம்பி வந்து இந்த வகுப்பை நிறுத்துங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் புது மொழி எதுவும் படிக்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பன்னிரண்டு வாக்கியத்திலும் இல்லாத
உங்கள் மைத்துனன்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் கடை மேஜையிலேயே ஐந்து நாள் கிடந்துவிட்டது. அதற்குள் அந்தப் பல் மருத்துவரே கண் பரிசோதனைக்கு வந்தார். தப்பான பவரில் கண்ணாடி கொடுத்து அனுப்புவது என்ற முடிவோடுதான் உட்கார வைத்தேன். மனுஷன் என்னமாய்ப் பேசுகிறார்! பேச்சு சுவாரஸ்யத்தில் சரியான பவரையே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் நானும் அவரும் சதுரங்கம் ஆடுகிறோம். உங்கள் தங்கைக்குப் பொறுக்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறாள். “அப்படி என்னதான் பேசுவீங்க அவர்கிட்ட? என்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சுப் பேசியிருக்கீங்களா?” என்றாள் நேற்று. அடுப்பில் வைத்தது கருகி வாடை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தயவுசெய்து நீங்கள் வந்து அவளைச் சமாதானப்படுத்திவிடாதீர்கள்.