எட்டிப் பார்க்கும் விஞ்ஞானி

எட்டிப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அதில் முதல் தரமான ஆளைக் காண வேண்டுமா? இந்த ஆய்வுக்கூடத்தின் கடைசி அறைக்கு வாருங்கள். செல் வளர்க்கும் பெட்டியின் கைப்பிடியில் ஒரு கையும், யாராவது வருகிறார்களா என்று வாசலில் ஒரு கண்ணுமாக நிற்கிறாரே, அவர்தான்.

வேலை என்னவோ பெரிய வேலை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோனவர்களுக்கு வேறு செல்களை வைக்கலாம். ஆனால் இறந்தவர்கள் தானமாகத் தரும் கணையம் எத்தனை பேருக்குக் காணும்? அதனால், எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்தே அவற்றை வளர்த்தெடுக்கப் பார்க்கிறார். வீட்டில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் மகள் இருக்கிறாள். வேறு காரணம் வேண்டுமா?

செல்லுக்கு வேண்டியது உடம்புச் சூடு, அளவான காற்று, கொஞ்சம் நிம்மதி. முதல் இரண்டையும் பெட்டி கொடுத்துவிடும். மூன்றாவதற்கு இவர் விட வேண்டுமே! வந்ததும் ஒரு பார்வை, காபிக்கு முன் ஒன்று, காபி குடித்த நேரத்தில் என்ன ஆயிற்றோ என்று இன்னொன்று, வீட்டுக்குக் கிளம்பி லிஃப்ட் வரை போய், குடையை மறந்தவர்போல் திரும்பி வந்து மற்றொன்று. திறக்கத் திறக்கச் சூடு இறங்கியது. செல்கள் வரிசையாக மண்டையைப் போட்டன.

"சார், நீங்க பாக்கப் பாக்கத்தான் அதுங்க சாகுது" என்றார் கூட வேலை செய்யும் பெண்மணி.

"சும்மா ஒரு நிமிஷம்தான் மேடம்."

"அந்த ஒரு நிமிஷத்துலதான் போன தடவையும் போச்சு. இதுவும் போனா வேலையையே நிறுத்தச் சொல்லிடுவாங்க."

பெண்மணி பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். செல்களுக்குத் தீனி மாற்ற மட்டும், அதுவும் அவர் கையால் மட்டும், கதவு திறக்கும்.

விஞ்ஞானி வீட்டுக்கு வந்து புலம்பினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கும் அதே கதிதானேப்பா? தூங்கறேனா, மயங்கிட்டேனான்னு கதவைத் திறந்து திறந்து பாத்து என் தூக்கமே போச்சு. அதுங்களாவது நிம்மதியா இருக்கட்டும்!"

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு! பூட்டைத் தடவிப் பார்த்தார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். செல் என்ன, அழவா போகிறது?

சோதனை நாள் வந்தது. பெண்மணி பூட்டைத் திறந்து, செல்களுக்குச் சர்க்கரைக் கரைசலை விட்டு, அவை என்ன சுரந்தன என்று அளந்தார். இன்சுலின்! தாராளமாக, கேட்ட மாத்திரத்தில்.

விஞ்ஞானி மகளுக்குப் போன் போட்டார். "சுரக்குதும்மா!"

"அப்போ எனக்கு எப்போப்பா?"

"இன்னும் ரொம்ப தூரம் இருக்குடா கண்ணு."

"பரவாயில்ல, காத்திருக்கேன். நீங்க பெட்டியைப் பூட்டிட்டு வாங்க."

பெண்மணியிடம் சாவியை வாங்கிப் பூட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். லிஃப்ட் வரை போனார். குடை ஞாபகம் வந்தது. கையைப் பார்த்தார், குடை கையிலேயே இருந்தது. முதல்முறையாக, திரும்பாமல் கீழே இறங்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சோறு வேகும்போது மூடியைத் தூக்கிப் பார்க்காதவர், விதை போட்ட மறுநாள் மண்ணைக் கிளறாதவர் நீங்கள். நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இது எப்படி முடிகிறது என்று இந்தக் கடைசி வரியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தானே மேலே போய்ப் படிக்க ஆரம்பித்தீர்கள்?