நிறுவனர் உயிருடன் இருக்கிறார்

கறிக்கடைக்காரர் அழுதுகொண்டே தராசு பழுதுபார்க்கும் கடைக்குள் வந்தார். அவர் யாருக்காக அழுதாரோ அந்த ஆள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவருடைய தராசைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனுஷன்மா. ஒரு கிராம் கூடக் குறைய வச்சுக் குடுத்தது கிடையாது," என்று தராசுக்காரரின் மனைவியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

"யாரு?"

"யாருன்னு என்னையே கேக்குறியே? உன் வீட்டுக்காரர்தான். இப்பதான் போன்ல பாத்தேன்."

கதவுச் சத்தத்துக்கு வெடுக்கென்று நிமிர்ந்திருந்த தராசுக்காரர், வந்தது கறிக்கடைக்காரர் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார். "உக்காருங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

கறிக்கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். அங்கே தரையில் கிடந்த எடைமேடையில் கால் பட்டு ஏறி நின்றுவிட்டார். அது எண்பத்தேழு கிலோ காட்டியது.

அவர் நீட்டிய போனில் கடையின் வெப்சைட் இருந்தது. முதல் பக்கத்திலேயே தராசுக்காரரின் படம். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். கீழே ‘நிறுவனர்’. அதற்குக் கீழே அவர் பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, இந்த வருஷம். ‘அவர் தொடங்கிய பணி தொடர்கிறது.’

வெப்சைட் வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டது தராசுக்காரரின் மனைவிதான்.

"ஊரே போன்ல தேடுது. நாம மட்டும் அதுல இல்ல," என்பாள்.

"தராசு கெட்டவன் தராசத் தூக்கிட்டு வருவான். வெப்சைட்ல ஏறியா வருவான்?" என்பார் அவர். "சின்னக் கடைக்கு எதுக்கு அதெல்லாம்?"

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார். "எந்த மூலைல இருந்தாலும் பாக்க முடியுமா அதை?"

"உலகமே பாக்கும்."

"அப்ப சரி," என்று கையைக் கழுவிவிட்டு, மாடியில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் பெண்ணை அவரே போய்ப் பார்த்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

கறிக்கடைக்காரர் போனதும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, உயிரோட இருக்கிற மனுஷனைக் கட்டம் கட்டி வச்சிருக்கியே!"

"அது வந்துக்கா... சார்கிட்ட..." என்று இழுத்தாள் அந்தப் பெண்.

"குடு இங்க," என்று தராசுக்காரர் போனை வாங்கினார். "கட்டத்தை மாத்தணும்மா. நான் மேல வந்து சொல்றேன்."

மறுநாள் கறுப்புக் கட்டம் போயிருந்தது. தங்கநிறக் கட்டம் வந்திருந்தது. இருபக்கமும் இரண்டு மெழுகுவர்த்திகள். அவை எரிந்துகொண்டும் இருந்தன.

"நல்லா இருக்காருன்னு எழுத்துல போடச் சொல்லுங்க. அப்பதான் புரியும்," என்றாள் அவள்.

அதற்கும் அவரே மாடி ஏறினார். சாயங்காலம் படத்துக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது. ‘அவர் இப்போது நலமாக, அமைதியாக இருக்கிறார்.’

அதன்பிறகு வந்தவர்கள் முன்னைவிட அதிகமாக அழுதார்கள்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘நிறுவனர் உயிருடன் இருக்கிறார்’ என்று எழுதி வாசலில் தொங்கவிட்டாள். அது தெருவுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. இன்னும் உயிர் இருக்கிறது, இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸ், குழந்தைகளை எடை பார்க்கும் இயந்திரத்தைப் பாதி கழற்றிய நிலையிலேயே வாங்கிக்கொண்டார்.

"சார் ரெஸ்ட் எடுக்கட்டும் மேடம். நாங்க வேற இடத்துல பாத்துக்கறோம்."

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"நீங்க தைரியமா இருக்கீங்களே, அதுவே போதும்," என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்தடுத்து காய்கறிக்காரர் வந்தார், இரும்புக்கடைக்காரர் வந்தார். ஆறுதல் சொன்னார்கள், தராசைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழுதுபார்க்க வந்தவை வரிசையாக இருந்த அலமாரியில் தூசியின் வட்டங்கள் மட்டும் மிஞ்சின.

வியாழக்கிழமை அவருடைய அக்கா ஆறு மணிநேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருமுனையிலேயே அழத் தொடங்கியவர், வாசலில் நின்ற தம்பியைப் பார்த்ததும் கையிலிருந்த பையாலேயே அடித்தார்.

"பாவி! வர்ற வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன்டா. பக்கத்து சீட்டுக்காரன் வேற சீட்டுக்குப் போயிட்டான்!"

"உக்காருக்கா."

"செத்தவன் மாதிரியே மெதுவாப் பேசாத!"

அழுதும் அடித்தும் ஓய்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சின்னவன் வந்தானா?"

தராசுக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய கடை அது. மின்னணுத் தராசு விற்கலாம் என்றான் தம்பி. கூடாது என்றார் இவர். ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் கத்தினார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்த கொழுந்தன் அவளைப் பார்க்காமலே போய்விட்டான். இப்போது கடையில் பாதி மின்னணுத் தராசுதான். அதைச் சொல்லத் தம்பிக்கு அவர் எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் பழைய எண்ணுக்குப் போட்டுப் பார்ப்பார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

"அவன் காதுக்கு இது எட்டியிருக்காது," என்றார் அக்கா.

"இல்லக்கா," என்றார் அவர். "உலகமே பாக்குமாம்."

அக்கா ஊருக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நாலு நாள் கடைக்கு யாருமே வரவில்லை, அழுவதற்குக்கூட. தராசுக்காரர் வெறும் எடைமேடைகளைத் துடைத்தார். யாராவது வாசலைக் கடந்தால் கை நின்றது. கடந்து போனதும் மறுபடி துடைத்தது.

ஐந்தாம் நாள் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் மாடி ஏறினாள்.

"வெப்சைட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். மொத்தமா அழிச்சிரு. உசிரோட இருக்கிற மனுஷனை நாள் பூரா வாசலைப் பாத்து உக்கார வச்சுட்டியேம்மா! ஒரு படத்தைக் கூடச் சரியாப் போடத் தெரியாதா உனக்கு?"

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நான் எதையும் தப்பாப் போடலக்கா. ‘நீ செத்தாத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்னு சொல்லிட்டுப் போனான் என் தம்பி, அவன் கண்ணுல படுற மாதிரி போடும்மா’ன்னு சார்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாரு."