கையெழுத்துப் போட மறுத்த தகப்பன்

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

எட்டு வயது மகள் ரக்ஷனா வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லையாம். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டியாக இருக்கலாம், நிபுணரிடம் காட்டலாமா என்று ஆசிரியை ஒரு படிவம் அனுப்பியிருந்தார். பெற்றோர் இருவரும் ஒப்பமிட வேண்டும். மனைவி லீலா போட்டுவிட்டாள்.

எனக்கு இரத்தம் கொதித்தது. பிள்ளை என்றால் ஓடத்தான் செய்யும். ஓரிடத்தில் நிற்க அவள் என்ன, நாங்கள் குடியிருக்கும் பொங்கோல் அடுக்குமாடி புளோக்கா?

லீலா பொறுமையாக விளக்கினாள். இது குறும்பு இல்லை, முயற்சி செய்தும் பிள்ளையால் முடியவில்லை. மூன்றாவது முறையாக நோட்டை மறந்துவிட்டுப் பள்ளிக் கழிவறையில் அழுதிருக்கிறாள். விஷயம் தெரிந்தால் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வார்கள், நடுநடுவே எழுந்து நடக்க விடுவார்கள்.

"நம்ம குடும்பத்துல யாருக்கும் இப்படி இருந்ததில்ல" என்றேன்.

லீலா தலையாட்டினாள். "சரிங்க. ஒரு வாரம் கவனிச்சு எழுதி வைக்கிறேன். படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க."

அவள் அத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுத்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தாள் கைக்கு வந்தது. நேரே பட்டியலுக்குப் போனேன். பொருள்களைத் தொலைத்தல்: பஸ், ரயிலுக்கான ஈஸிலிங்க் கார்டு இரண்டு, குடை ஒன்று. சாப்பிடும்போது எழுந்து போதல்: ஏழு நாளும். சொன்னதை மறத்தல்: பூ.

அநியாயம். என் மகள்மேல் இப்படி ஒரு பழியா?

"குடையை இவளா தொலைச்சா? ஃபேரர் பார்க் ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தது நான்."

"அப்படியா?"

"கார்டு ரெண்டும் என்னோடது. சாப்பாட்டுல எந்திரிச்சு எந்திரிச்சுப் போறது நான், போன் வருதுல்ல. தேக்கா மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயி, பூவை விட்டுட்டு ஸ்க்ரூடிரைவர் செட்டோட வந்ததும் நான். பச்சப்புள்ள தலையில கட்டுறியே, நியாயமா?"

சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ரக்ஷனாதான் பேசினாள்.

"அப்பா, மேல பேர் போட்டிருக்கு லா."

பார்த்தேன். பெயர்: சேதுபதி. வயது: நாற்பத்திரண்டு. என் பெயர், என் வயது.

லீலா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"சோம்பேறி, மறதிக்காரன்னு இத்தனை வருஷம் திட்டு வாங்கிட்டீங்க. அவளாவது எட்டு வயசுல தப்பிக்கட்டுங்க."

பேனா எடுத்து வந்து உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்று கம்பீரமாக எழுந்து போனேன். அரை மணி நேரம் கழித்து, மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த என் எதிரே, லீலா படிவமும் பேனாவுமாக வந்து நின்றாள்.